ஜெமிமாவுக்கு நான் எழுதிக்கொடுத்த சாட்சி

மே 29, திங்கள்

மைக் செட்காரனை இனிமேல் இந்தக் கோயில் காம்பவுண்டுக்குள் விடப்போவதில்லை. நேற்று ஆராதனையில், ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினார் என்று ஜெமிமா சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது மைக் மூன்று தடவை ‘கீ’ என்று கத்தியது. சபையே அழுதுகொண்டிருக்கிற நேரம். சபைச் செயலர் ஆல்பர்ட் துரைசிங்கே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். இந்தச் சபைக்குப் போதகராக வந்தபிறகு அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

பத்து வயசுப் பிள்ளை. கன்வென்ஷன் கூட்டம் முடிந்து வந்த நம் ஆனந்தவிளை சபை வேன் கால்வாயில் கவிழ்ந்து இன்றோடு ஒன்பது நாள். மூப்பர் வேதமாணிக்கம் போய்விட்டார். இவளுடைய தம்பி, ஆறு வயசு, அவனும் போய்விட்டான். தகப்பன் தொடை எலும்பு முறிந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், தாய் அவன் கூடவே இருக்கிறாள். பதினாலு பேர் வந்த வேனில் ஒரு கீறல்கூட இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தவள் இவள் ஒருத்திதான். கையில், வருஷப் பிறப்பு ஆராதனையில் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த வாக்குத்தத்த அட்டை. எந்தத் தீங்கும் உன்னை நெருங்காது என்கிற பொருளில் ஒரு வேத வசனம், மேலே படகுப் படம். ஆண்டவர் இதைவிடத் தெளிவாக எப்படிப் பேசுவார்?

நான் எழுதிக்கொடுத்ததில் ஒரு வரியைக்கூட விடாமல் சொன்னாள். வீட்டில் சுகிர்தா மட்டும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் மனைவிக்கு எதற்குக் கோபம் வரும் என்று இருபத்தாறு வருஷமாக எனக்குப் புரிந்ததில்லை.

ஜூன் 3, சனி

மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது. தண்ணீர் இல்லை. பக்கத்து இரண்டு சேகரத்துப் போதகர்மார், என்னைப்போல் ஐயர்மார்தான், போன் பண்ணி, ‘அந்தச் சாட்சிப் பிள்ளையை எங்க சபைக்கும் அனுப்புங்க’ என்றார்கள். அத்தைக்காரி ஜெபமணி வீட்டில்தான் பிள்ளை இப்போது இருக்கிறாள். ஆட்டோ வைத்துக் கூட்டிப்போவதாக அவளே சொல்லிவிட்டாள். நல்லது.

ஜூன் 8, வியாழன்

மூப்பர் வீட்டுக்குப் போனேன். விபத்தன்று அவர் சட்டைப் பையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை மூப்பரம்மா திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு வாக்குத்தத்த அட்டை. ஜெமிமாவிடம் இருந்த அதே வசனம், அதே படகு. “ஐயா, இத நான் என்ன செய்ய?” என்று கேட்டார்கள். வைத்திருங்கள் என்றேன். ஐந்நூறு அட்டை வாங்குகிறோம், வசனம் என்னவோ நாற்பதுதான். திரும்பத் திரும்பத்தான் வரும்.

ஜெபித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன். காபியில் சீனியை அள்ளிப் போட்டிருந்தார்கள். எனக்குச் சுகர் என்று இந்த ஊரில் எத்தனை பேரிடம்தான் சொல்வது.

ஜூன் 14, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஐந்தாம் வகுப்புக்கு சுகிர்தாதான் டீச்சர். ராத்திரி சாப்பாட்டின்போது தானாகவே பேச்சை எடுத்தாள்.

“ஜெமிமா பேரக் கூப்பிட்டா ‘உள்ளேன் டீச்சர்’ சொல்ல மாட்டேங்கா. மத்தியானம் முட்டைய அப்படியே திருப்பிக் குடுத்துட்டா. மூணு நாளா இப்படித்தான்.”

“பிள்ளைங்கன்னா அப்படித்தான். சரியாயிரும்,” என்றேன்.

“ஆமா. எல்லாத்துக்கும் உங்ககிட்ட இது ஒண்ணு இருக்கு.”

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஜூன் 18, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

சாயங்காலம் பக்கத்துச் சேகரத்தில் பண்டிகைக் கூட்டம். நான்தான் தேவசெய்தி. ஜெமிமாவை மேடையேற்றினார்கள். வெள்ளைக் கவுன், தலையில் பூ, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதுபோல் ஜோடித்திருந்தார்கள். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் காலடியில் கார்ப்பெட் நனைந்தது. நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். ஆனால் வாய் நிற்கவில்லை. கடைசி ‘அல்லேலூயா’ வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். முன் வரிசையில் இரண்டு பெரிய மனுஷர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்!

ஜெபமணியைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தேன். பிள்ளையைச் சர்க்கஸ் காட்டுகிறாயா, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“எழுதிக் குடுத்தது நீங்கதானய்யா. நான் வாசிக்கத்தான் வச்சேன்.”

ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பத்து நிமிஷம் உதைத்தேன்.

ஜூன் 19, திங்கள்

தூக்கமில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 24, சனி

ஜெமிமாவைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாகப் பத்து நிமிஷம் பேசினேன். தம்பி பரலோகத்தில் தேவதூதர்களோடு விளையாடுகிறான், நீ அழக்கூடாது, ஆண்டவருக்கு உன்மேல் ஒரு திட்டம் இருக்கிறது என்றேன். பிறகு ஜெபம். நான் பாதியில் இருக்கும்போதே அவள் ‘ஆமென்’ சொல்லிவிட்டாள். மறுபடியும் தொடர்ந்தேன். மறுபடியும் ‘ஆமென்’. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பத்து வயசுப் பிள்ளைமேல். அங்கியைப் போட்டுக்கொண்டு.

வீட்டுக்கு வந்து சுகிர்தாவிடம் இதைச் சொன்னதும் அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஒரு அரை மணி நேரம் பேசாம இருக்கத் தெரியுமா உங்களுக்கு? அவள இங்க அனுப்பச் சொல்லுங்க. கைக்கு ஏதாவது வேல குடுங்க. நீங்களும் பக்கத்துல உக்காந்து அதே வேலயப் பாருங்க. வாயத் தொறக்கக் கூடாது.”

செமினரியில் மூன்று வருஷம் எபிரேயமும் கிரேக்கமும் படித்தேன். அழாத ஒரு பிள்ளையோடு எப்படி உட்காருவது என்பதற்கு ஒரு பீரியட் கிடையாது. பண்டிகைக் கணக்கு, சேகரக் கூட்டம், கல்லறைத் தகராறு, எல்லாவற்றுக்கும் சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள் இதற்கு ஒரு தாள் அனுப்பியதுண்டா? மண்ணாங்கட்டி.

ஜூலை 1, சனி

அசனப் பண்டிகை நோட்டீஸ் வந்துவிட்டது. 23-ஆம் தேதி, சாதி வீடு பார்க்காமல் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அறுநூறு நோட்டீஸை மடித்துக் கவரில் போட வேண்டும். ஜெமிமா வந்தாள். நானும் அவளும் ஹாலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மடித்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கு எரிந்தது. இருபத்தெட்டு வருஷம் பேசியே பிழைப்பு நடத்தியவனை இப்படி உட்காரவைத்தால்?

போகும்போது, “இந்தக் கோந்து ஒட்ட மாட்டேங்கு ஐயா,” என்றாள். விபத்துக்குப் பிறகு நான் எழுதிக் கொடுக்காமல் அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.

ஜூலை 8, சனி

இன்று எதையும் சுருக்கி எழுதப்போவதில்லை.

காலையில் ஆல்பர்ட் துரைசிங் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் எறிந்தார். “ஐயா, இதென்ன கூத்து?” என்றார். பிரித்துப் பார்த்தேன். நோட்டீஸில் ‘சிறப்புச் சாட்சி: செல்வி ஜெமிமா’ என்று ஒரு வரி உண்டு. அந்தப் பெயரை மட்டும் நீல பேனாவால் அடித்திருந்தது. ஒன்றில் இல்லை, இருநூறுக்கு மேல். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் அவ்வளவு நேராக. என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அடித்திருக்கிறாள். நான் பேசாமல் இருக்கிறேன் என்கிற பெருமையில் பார்க்காமலும் இருந்திருக்கிறேன்.

செயலரை அனுப்பிவிட்டேன். பத்து மணிக்கு அவள் வந்தாள். மேஜையில் கட்டைப் பார்த்தாள். ஓடவில்லை.

“நாந்தான் அடிச்சேன் ஐயா.”

“சரி மக்கா.”

“அந்த அட்ட என்னோடது இல்ல.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லவேளை, கேள்வி கேட்காமல் கோந்துப் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தேன்.

“தம்பி எடுத்தது அது. வருசப் பிறப்பன்னிக்கு அவனுக்குத்தான் படகு வந்துச்சு. எனக்கு ஆட்டுக்குட்டிப் படம் போட்டது. அவனுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. நான் ரெண்டையும் வாசிச்சுப் பாத்தேன். அவனோடதுதான் நல்ல வசனம். ‘எங்கிட்ட ஆட்டுக்குட்டி இருக்கு பாரு, இதுதான் நல்லது’ன்னு சொல்லி ஏமாத்தி மாத்திக்கிட்டேன். அவன் சிரிச்சிக்கிட்டே குடுத்தான்.”

நோட்டீஸ் கட்டின் ஓரத்தை விரலால் நீவினாள். பிறகு சொன்னாள்.

“அது அவங்கிட்டயே இருந்திருந்தா அவன் கரையில இருந்திருப்பான். நான் தண்ணிக்குள்ள கெடந்திருப்பேன்.”

அழுகை இல்லை. வீட்டுக் கணக்கை டீச்சரிடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

‘ஆண்டவர் உன்னை மன்னிப்பார்’ என்பது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழக்கதோஷம். அதை மட்டும் சொல்லியிருந்தால், ஆமாம், நீதான் அவனைக் கொன்றாய், போனால் போகிறது என்று நானே முத்திரை குத்தியிருப்பேன். விழுங்கிவிட்டேன். சுகிர்தா இரண்டு டம்ளரில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஜெமிமா குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை.

அவள் போனபிறகு மே மாதம் எழுதிக்கொடுத்த தாளின் நகலைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து. ‘நான் எடுத்த வாக்குத்தத்தம் என்னைக் காப்பாற்றியது. அத்தனை பேருக்குள் கர்த்தர் என்னைத் தெரிந்துகொண்டார்.’ இதை நான்கு கோயில்களில் மைக் வைத்துச் சொல்லவைத்திருக்கிறோம். தம்பியிடம் திருடினேன், அவன் செத்தான், நான் பிழைத்தேன், ஸ்தோத்திரம் என்று ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். நாங்கள் கைதட்டியிருக்கிறோம். நானும்தான் தட்டினேன்.

ஜூலை 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜெமிமாவை மூப்பரம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் பையில் வருஷப் பிறப்பில் மிச்சமான அட்டைகள் இருந்தன.

“அம்மா, மூப்பரோட கண்ணாடிக் கூட்டக் கொஞ்சம் இந்தப் பிள்ளைகிட்டக் குடுங்க.”

ஜெமிமா அட்டையை எடுத்தாள். வாசித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் வாசித்தாள்.

“இதேதான்,” என்றாள்.

“ஆமா மக்கா. வேன்ல வரும்போது இது அவரு சட்டப் பையிலதான் இருந்திருக்கு.”

“தாத்தா செத்துட்டாங்கள்லா.”

“ஆமா.”

பையிலிருந்த மிச்சத்தைத் தரையில் கொட்டினேன். அவள் உட்கார்ந்து படகுப் படம் போட்டவற்றை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தாள். ஏழு இருந்தன. ஏழையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப இது யாரையும் காப்பாத்தாதா?”

காம்பவுண்டில் நான் கட்டிக்காத்த மரியாதை எல்லாம் போனால் போகட்டும் என்று நினைத்தேன். “காப்பாத்தாது மக்கா. அச்சாபீஸ்ல மிஷின்ல வெட்டுன அட்ட. அத மாத்திக்கிட்டதால உன் தம்பி சாகல,” என்றேன்.

கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து எழுந்தாள். அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ.

“அப்ப எதுக்குய்யா குடுத்தீங்க? பெட்டில போட்டு, ஜெபம் பண்ணி, கண்ண மூடிக்கிட்டு எடுன்னு சொல்லி எதுக்குய்யா குடுத்தீங்க? சும்மாவா? சும்மாதான் குடுத்தீங்களா?”

அட்டைகளை அள்ளி என் முகத்தில் எறிந்தாள். ஒன்று கண்ணில் பட்டது.

“ஏட்டி! ஐயருன்னு பாக்காம...” என்று மூப்பரம்மா பதறினார்கள்.

“விடுங்கம்மா. எறியட்டும்,” என்றேன்.

“எந்தம்பி பேரு தெரியுமா உங்களுக்கு? சொல்லுங்க. சொல்லுங்க பாப்போம். நீங்க எழுதிக் குடுத்ததுல அவன் பேரே இல்ல!”

எனக்குத் தெரியவில்லை.

அவனை அடக்கம் பண்ணியவன் நான். அன்று இரண்டு பெட்டி. மூப்பரைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன், அவர் கொடி மரம் நட்டது வரைக்கும். பையனைப் பற்றிப் பேசும்போது ‘இந்தச் சின்ன மொட்டு’ என்றேன். நாலு தடவை சொன்னேன், அழகாக இருக்கிறது என்று.

அவள் மூப்பரம்மா மடியில் விழுந்து கதறி அழுதாள். அந்தம்மாவும் அழுதார்கள். அவர்களும் ஐம்பது நாளாக அழவே இல்லையாம். நான் முற்றத்தில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். ஏசாயா ஜெபதுரை. என் கையெழுத்திலேயே இருந்தது. இந்த நோட்டிலும் பின்னால் புரட்டினேன். ‘தம்பி’, ‘தம்பி’ என்று எழுதியிருக்கிறேனே தவிர ஒரு இடத்திலும் பெயர் இல்லை.

ஜூலை 12, புதன்

பாளையங்கோட்டை போனேன். தாயிடம், இனி பிள்ளையை மேடையேற்றமாட்டேன் என்றேன். அட்டை விஷயத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது ஜெமிமா பாடு.

அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, எம்பிள்ளயப் பாத்து அம்பது நாளுக்கு மேல ஆச்சு. இங்க கூட்டியாரச் சொன்னா, அவளுக்கு ஊழியம் இருக்குன்னு சொல்லுதாவ.”

நாலு கோயிலுக்குக் கூட்டிப்போக ஆட்டோ கிடைத்தது. பெற்றவளிடம் கூட்டிப்போக ஒருத்தனும் இல்லை. நானும் இல்லை. ‘ஊழியம்’ என்கிற வார்த்தையை வைத்து நாங்கள் செய்யாத அக்கிரமம் என்னதான் இருக்கிறது?

ஜூலை 13, வியாழன்

பள்ளிக்கு லீவு சொல்லி சுகிர்தாவும் நானும் ஜெமிமாவைப் பாளையங்கோட்டை கூட்டிப்போய் விட்டோம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எட்டிப்பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் சுகிர்தா தோளில் தூங்கிவிட்டாள்.

ஜூலை 15, சனி

கமிட்டிக் கூட்டம். சாட்சி கிடையாது என்றேன். “நோட்டீஸ்ல அடிச்சாச்சு ஐயா, வெளியூர்ச் சனம் எல்லாம் அந்தப் பிள்ளயக் கேக்கத்தான் வாராவ. சபைக்கு ஒரு எழுப்புதல் வரும்போது நீங்களே குறுக்க நிக்கலாமா?” என்றார் துரைசிங். அவருக்கு வேண்டியது எழுப்புதல் இல்லை, கூட்டம். மேஜையை ஓங்கி அடித்தேன். டம்ளர் உருண்டது. அடுத்த வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டையும் கிடையாது, பெட்டியும் கிடையாது என்றேன். அதற்குத்தான் எல்லாரும் ஒரேயடியாக எழுந்து நின்றார்கள். பிள்ளைக்காக எவரும் எழவில்லை, அட்டைக்காக எழுந்தார்கள்.

ஜூலை 23, ஞாயிறு

என்மேல் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களாம். நாளைக்குப் பேராயருக்குப் போகும். போகட்டும். இடம் மாற்றினால் மாற்றட்டும், பெட்டியைக் கட்ட எனக்கு அரை நாள் போதும்.

நடந்தது இதுதான்.

ஆராதனை முடிகிற நேரம். வாசல் வரைக்கும் சனம். வெளியே அண்டாக்களில் சோறு வெந்து கறி மணம் உள்ளே வந்தது. ஜெமிமாவின் தாய் காலை பஸ்ஸில் வந்திருந்தாள். அத்தனை பெரிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவ்வளவு சொல்லியும் துரைசிங் மைக்கைப் பிடித்து, “இப்பொழுது நாம் எல்லாரும் ஆவலோடு எதிர்பார்த்த சாட்சி...” என்று ஆரம்பித்தார். ஜெமிமா தாயின் சேலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

பலிபீடத்திலிருந்து இறங்கிப்போய் மைக்கைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. சபைக்கு முன்னால் இரண்டு கிழவர்கள் இழுபறி. நான்தான் ஜெயித்தேன்.

“சாட்சி கிடையாது,” என்றேன். “அந்தச் சாட்சி அந்தப் பிள்ள சொன்னது இல்ல. நான் எழுதுனது. தம்பியப் பறிகொடுத்து எட்டு நாள்ல ஒரு பிள்ளய இங்க நிறுத்தி ஸ்தோத்திரம் சொல்ல வச்சேன். நம்ம கண்ணுல தண்ணி வரணும்னு அவ தண்ணி குடிக்காமக் கெடந்தா. வெக்கமா இருக்கு எனக்கு. உங்களுக்கும் இருக்கணும்.”

யாரோ இருமினார்கள். யாரோ “ஐயருக்கு மண்ட கொளம்பிட்டு” என்றது நன்றாகவே கேட்டது.

“அடக்க ஆராதனையில நான் அந்தப் பையன் பேரச் சரியாச் சொல்லல. இப்பச் சொல்லுதேன். ஏசாயா ஜெபதுரை. ஆறு வயசு.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமலேயே கோயில் முழுக்கக் கேட்டது.

“அந்தப் பேரச் சொன்னா அவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.”

ஜெமிமா மடியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் கோபமாகத்தான் இருந்தது. தாய் அவளை இழுத்து உட்காரவைக்கவில்லை.

“வேற எப்படிக் கூப்பிடணும் மக்கா?”

“பீப்பி. எப்பவும் வாயில பீப்பி ஊதிக்கிட்டே திரிவான். பீப்பின்னு கூப்பிட்டாத்தான் வருவான்.”

இருபத்தெட்டு வருஷத்தில் அங்கி போட்டுக்கொண்டு எத்தனையோ பேரை எத்தனையோ பெரிய வார்த்தைகளால் கூப்பிட்டிருக்கிறேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், “பீப்பி,” என்றேன். அது கத்தவில்லை.

ஜெமிமா போதாது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“இன்னும் சத்தமா ஐயா. அவன் ஒரு தடவ கூப்பிட்டா வர மாட்டான்.”

மறுபடியும் கூப்பிட்டேன்.